இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆங்கில எச்சரிக்கையைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பற்றி ஓர் ஆய்வு

திருவண்ணாமலையை ஒட்டி, வேலூர் சாலையில் இருக்கிறது வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்குதான். அணை திறப்பு, ஏரி நிலவரம், பள்ளி விடுமுறை என்று மழைக்காலத்தில் மாவட்டத்துக்கான அறிவிப்புகள் இங்கிருந்து புறப்படுகின்றன. 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. அதையொட்டிக் கொட்டிய மழையில், டிசம்பர் 1 அன்று மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் இறங்க, ஏழு பேர் இறந்தார்கள். அடுத்த பன்னிரண்டாம் நாள், டிசம்பர் 13, கார்த்திகைத் தீபம். அந்த ஆண்டு பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. தீபத்துக்குத் தமிழர்கள் மட்டுமா வருகிறார்கள்? தெலுங்கும் கன்னடமும் இந்தியும் பேசுகிறவர்கள் திரளாக வருகிறார்கள். ரமணாசிரமத்தை நாடிப் பல நாட்டவர் ஆண்டு முழுவதும் வருகிறார்கள். 'மேலே போகாதீர்கள், போனால் ஆபத்து' என்பதை இத்தனை பேருக்கும் சொல்லியாக வேண்டிய ஊர் இது. ஆட்டோ ஓட்டுநர், லாட்ஜ் பணியாளர், மருந்துக் கடைக்காரர், கிரிவலப் பாதையில் கடை வைத்திருப்பவர் என்று எல்லோருக்கும் அதற்குக் கைகொடுப்பது கொஞ்சம் ஆங்கிலம்தான்.

அந்தக் கொஞ்ச ஆங்கிலத்தில் 'டோன்ட் கோ' எல்லோருக்கும் வந்துவிடுகிறது. போனால் என்ன ஆகும் என்ற அடுத்த பாதிதான் வருவதில்லை. எச்சரிக்கைக்கு இரண்டு பாதிகள் உண்டு: செய்ய வேண்டியது அல்லது கூடாதது ஒன்று, அதன் விளைவு மற்றொன்று. இரண்டையும் பிணைக்கும் சொல் இல்லையென்றால் கேட்பவருக்கு அது வெறும் அதட்டலாகப் படும். ஆங்கிலத்தில் அந்தப் பிணைப்பைச் செய்பவை 'இஃப்', 'அன்லெஸ்', 'ஆர்', 'அதர்வைஸ்', 'இன் கேஸ்', 'சோ' போன்ற சின்னச் சொற்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் இவற்றுக்கு மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குக்கூடத் தேவைப்படும் நேரத்தில் இவை வாயில் வருவதில்லை. ஏன் என்று ஆராய்வதும், எப்படிக் கற்பித்தால் வரும் என்று சொல்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் எங்கே பிணைக்கிறது

முதலில் தமிழைப் பார்க்க வேண்டும். ஆங்கிலம் தனிச்சொல்லால் செய்யும் பிணைப்பைத் தமிழ் பெரும்பாலும் வினையின் வாலில் செய்துவிடுகிறது. வந்தால், வராவிட்டால், வந்தாலும், வருவதால், வராதபடி என எல்லாம் வினையோடு ஒட்டியவை. இதை இலக்கண நூலார் நெடுங்காலம் முன்பே வகைப்படுத்தினார்கள். தொல்காப்பியம் தரும் வினையெச்ச வாய்பாடுகளில் 'செயின்' ஒன்று. நன்னூல் தரும் பன்னிரண்டு வாய்பாடுகளிலும் அது உண்டு. 'செய்தால்' என்று நாம் இன்று சொல்லும் நிபந்தனைப் பொருளின் பழைய வடிவம் அது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட திராவிட ஒப்பிலக்கணத்தில், இணைப்புச் சொற்களைக் காட்டிலும் வினையெச்சங்களையே இம்மொழிகள் விரும்புகின்றன என்பதை இக்குடும்பத்தின் அடையாளங்களுள் ஒன்றாகக் குறித்தார்.

விளைவைச் சொல்லி எச்சரிப்பதில் தமிழுக்கு எவ்வளவு பழக்கம் உண்டு என்று அறியத் திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரம் போதும். மழை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் குறள்மேல் குறளாக வள்ளுவர் அடுக்குகிறார். பசி வரும், உழவு நிற்கும், கடலும் வளம் குன்றும், வானோர்க்கு விழாவும் நடக்காது. இதற்கு அவர் எடுக்கும் நிபந்தனை வடிவங்கள் பல: பொய்ப்பின், குன்றிக்கால், வறக்குமேல், வழங்காதெனின். இன், கால், ஏல், எனின் என்று நான்கு வடிவங்கள் பத்துக் குறளுக்குள் வந்துவிடுகின்றன. 'வீழின் அல்லால்' என்ற ஐந்தாவது ஒன்றும் அங்கே உண்டு. ஆங்கில 'அன்லெஸ்' செய்யும் வேலையைச் செய்வது அது. இதைப் பின்னால் மீண்டும் எடுக்க வேண்டியிருக்கிறது.

பேச்சுத் தமிழும் இதில் வளம் குறைந்ததன்று. 'வரலன்னா', 'வராட்டி', 'இல்லாட்டி', 'இல்லன்னா' எல்லாம் அன்றாடம் புழங்குகின்றன. விளைவைச் சொல்லாமலே எச்சரிக்கவும் தமிழுக்குத் தெரியும். 'அங்க போகாத, சொல்லிட்டேன்' என்பதில் 'சொல்லிட்டேன்' என்ற ஒரு சொல்லே முழு எச்சரிக்கை. 'தொட்டுப் பாரு, தெரியும்' என்பதும் அப்படித்தான். அக்கறையாகச் சொல்லும்போது 'பாத்து வாங்க அக்கா, வழுக்குது' என்று காரணத்தை மட்டும் பின்னால் வைத்தால் போதும், விளைவைக் கேட்பவர் தாமே நிரப்பிக்கொள்வார். இலங்கைத் தமிழர் பலகையில் எழுதும் 'அவதானம்' என்பதும் நம் 'ஜாக்கிரதை'யும் அந்த நிரப்பலைக் கேட்பவரிடமே விட்டுவிடும் சொற்கள்தாம்.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு விளைவுச் சிந்தனையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அது அவர்களிடம் இருக்கிறது. தமிழில் வினையின் கடைசியில் இருப்பதை ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தலையிலோ நடுவிலோ தனிச்சொல்லாக வைக்கும் பழக்கம் மட்டுமே புதிது. தமிழில் நிபந்தனை பெரும்பாலும் முன்னால் வரும், முடிவு வினை கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் எதையும் முன்னால் வைக்கலாம். இந்த இரண்டு வேறுபாடுகளையும் பாடமாக எடுத்துச் சொல்லும் வகுப்பறைகள் மிகக் குறைவு.

ஆங்கிலத்தின் வரிசை

தமிழ்நாட்டில் தலைமுறைகளாக வீட்டு அலமாரியில் இருந்துவரும் ரென் அண்டு மார்ட்டின் இலக்கண நூல், சமநிலை இணைப்புச் சொற்களை நான்காகப் பிரிக்கிறது: சேர்ப்பவை, முரண் காட்டுபவை, ஒன்றை விட்டு ஒன்றைத் தருபவை, முடிவு உரைப்பவை. சார்பு இணைப்புச் சொற்களைக் காலம், காரணம், நோக்கம், விளைவு, நிபந்தனை, ஒப்பு என்று பொருள்வாரியாக அடுக்குகிறது. 1976-ல் ஹாலிடேயும் உத்தரப் பிரதேசத்தில் பிறந்த ருகையா ஹசனும் எழுதிய ஆங்கிலப் பிணைப்பு பற்றிய நூல், வாக்கிய எல்லையைத் தாண்டிப் பனுவல் முழுவதையும் பார்த்து, சேர்க்கை, முரண், காரணம், காலம் என்று நான்கு உறவுகளைத் தந்தது. இரண்டும் பயனுள்ள பகுப்புகள். ஆனாலும் எச்சரிக்கை என்ற ஒரு காரியத்துக்குத் தேவையான சொற்கள் இவற்றில் பல பெட்டிகளில் சிதறிக் கிடக்கின்றன. 'ஆர்' ஒரு பெட்டியில், 'அன்லெஸ்' மற்றொன்றில், 'லெஸ்ட்' வேறொன்றில். காரியத்தை வைத்துப் பிரித்தால் அவை ஐந்து குழுவாக அமைகின்றன.

முதலாவது, விளைவைத் தெரிவிப்பவை: 'சோ', 'தேர்ஃபோர்', 'ஹென்ஸ்', 'ஆஸ் எ ரிசல்ட்'. 'சோ' பேச்சுக்கு உரியது, 'தேர்ஃபோர்' எழுத்துக்கு உரியது. இரண்டாவது, நிபந்தனை வைப்பவை: 'இஃப்', 'ப்ரொவைடட்', விலக்கைக் காட்டும் 'அன்லெஸ்'. மூன்றாவது, கட்டளைக்குப் பின் வந்து, அதை மீறினால் நேர்வதைச் சொல்பவை: 'ஆர்', 'ஆர் எல்ஸ்', 'அதர்வைஸ்'. நான்காவது, நேரலாம் என்று முன்கூட்டியே தற்காத்துக்கொள்பவை: 'இன் கேஸ்', 'லெஸ்ட்', 'சோ தட்' என்பதோடு வரும் எதிர்மறை. ஐந்தாவது, பலரும் கவனிக்காத 'அண்டு'. 'டச் தட் வயர் அண்டு யூ வில் டை' என்ற வாக்கியத்தில் தொடு என்ற கட்டளை இல்லை, தொட்டால் சாவாய் என்ற எச்சரிக்கைதான் இருக்கிறது. நம் 'தொட்டுப் பாரு, தெரியும்' நடப்பதும் இதே தடத்தில்தான். அதைச் சுட்டிக்காட்டினால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

கற்பித்த வரலாறு

இச்சொற்களைத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் கற்பித்த விதத்தை மூன்று கட்டமாகப் பார்க்கலாம்.

முதல் கட்டம் இலக்கணமும் மொழிபெயர்ப்பும். விதியைச் சொல்லி, எடுத்துக்காட்டுத் தந்து, தமிழாக்கி, மறுபடி ஆங்கிலமாக்கும் முறை. அதன் எச்சம் இன்றும் நம்மிடம் உயிரோடு இருக்கிறது. சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்ற மூன்று பத்தி அட்டவணையைத் தமிழ்நாட்டில் படித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 'இன் த ஈவென்ட் ஆஃப்' என்றால் சிம்பிள், 'இஃப்' என்றால் காம்ப்ளெக்ஸ், 'அண்டு' என்றால் காம்பவுண்ட். ஒன்றை மற்றொன்றாக மாற்றினால் மதிப்பெண். இதில் ஒரு நன்மை உண்டு: ஒரே பொருளைப் பல வடிவில் சொல்லலாம் என்று பிள்ளை அறிகிறது. கேடு பெரிது: மூன்றும் ஒன்றே என்றும் அறிகிறது. 'இன் த ஈவென்ட் ஆஃப் ரெய்ன்' என்பது ஆவணத்தில் எழுதுவது, மழையில் நிற்கும் மனிதரிடம் சொல்வது அன்று. எதை யாரிடம் எப்போது சொல்வது என்பதற்கு அந்த அட்டவணையில் பத்தியே கிடையாது.

இரண்டாம் கட்டம் கட்டமைப்பு முறை. 1950-களில் சென்னை மாநிலப் பாடத்திட்டம் ஆங்கிலத்தை வாக்கிய அமைப்புகளாகப் பகுத்து, எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்கியது. அதைக் கற்பிக்க ஆசிரியர்களைத் தயார்செய்யும் பெருமுயற்சி அந்தப் பத்தாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு தொடங்கியது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்சி தந்து, ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களை எட்டும் திட்டம் அது. உருள உருளப் பெருகும் பனிப்பந்து போன்றது என்பதால் ஆங்கிலக் கல்வி வரலாற்றில் 'மெட்ராஸ் ஸ்நோபால்' என்றே அதற்குப் பெயர். வாய்மொழிப் பயிற்சிக்கு வகுப்பறையில் இடம் தந்தது இந்தக் கட்டத்தின் கொடை. ஆனால் அமைப்புகளை எளிமை வரிசையில் அடுக்கும்போது நிபந்தனையும் விளைவும் இயல்பாகவே பின்வரிசைக்குப் போயின. 'இது பேனா, அது மேசை' என்பதில் தொடங்கும் பிள்ளை, 'இல்லாவிட்டால்' என்பதற்கு வந்து சேரும் முன்பே பள்ளியை விட்டு நின்றுவிட்டால், எச்சரிக்கத் தெரியாமலே நின்றுவிடுகிறது.

மூன்றாம் கட்டத்தின் விதை நம் பக்கத்திலேயே விழுந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய திட்டம், இலக்கண வரிசையையே கைவிட்டது. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தில் வழி தேடுவது போன்ற வேலைகளைத் தந்து, வேலையில் மனம் இருக்கும்போது மொழி தானாகப் படியும் என்று அது நம்பியது. 1987-ல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்போரிடையே பேசப்பட்டது. தகவலைக் கைமாற்றும் வேலை, காரணம் தேடும் வேலை, கருத்துச் சொல்லும் வேலை என்று அவர் மூன்றாகப் பிரித்ததில் நமக்கு இங்கே முக்கியம் இரண்டாவது. 'இந்த வண்டியை விட்டால் அடுத்தது எப்போது? அதில் போனால் நேரத்துக்குச் சேர முடியுமா?' என்று யோசிக்கும் பிள்ளைக்கு 'இஃப்' தேவைப்படுகிறது. தேவைப்பட்டு வாங்கிய சொல் நிலைக்கும்.

இன்றைய பாடநூல்களும் வினாத்தாள்களும் மூன்று கட்டங்களின் கலவை. உரையாடலும் செயல்பாடும் பாடநூலில் உண்டு. 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்க்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியையும் கொண்டுபோகிறது. ஆனால் பொதுத்தேர்வு நெருங்கியதும் கையில் எடுப்பது வழிகாட்டி நூலையும் அதே அட்டவணையையும்தான். கோடிட்ட இடத்தை 'லிங்க்கர்' கொண்டு நிரப்பும் கேள்விக்கு விடை எழுதப் பிள்ளை பழகுகிறது. அந்தக் கோடிட்ட இடம் யாரையும் எச்சரிப்பதில்லை.

தடுமாறும் இடங்கள்

பிழைகளைத் தொகுத்துப் பார்த்தால் அவை கவனக்குறைவால் வருபவை அல்ல என்று தெரிகிறது. பாதிக்குமேல் கற்பித்த விதத்திலேயே இருக்கிறது காரணம்.

மிகப் பரவலானது 'அன்லெஸ்' பிழை. 'அன்லெஸ் இட் டஸ் நாட் ரெய்ன்' என்று எழுதி எதிர்மறையை இரட்டிப்பாக்குகிறார்கள். காரணம், 'அன்லெஸ் என்றால் இஃப் நாட்' என்ற சூத்திரம். சூத்திரத்தைப் படிக்கும் பிள்ளை மனத்தில் 'பெய்யாவிட்டால்' என்று தமிழாக்கி, அதிலுள்ள எதிர்மறையையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. தமிழில் இதற்கு வேறொரு வடிவம் இருக்கிறது. 'மழை பெய்தாலொழிய வேங்கிக்கால் ஏரி நிரம்பாது.' இதில் 'பெய்தால்' உடன்பாடு, 'ஒழிய' விலக்கு. 'அன்லெஸ் இட் ரெய்ன்ஸ்' என்பதும் அச்சாக அப்படியே. வள்ளுவரின் 'வீழின் அல்லால்' இதே கட்டு. 'அன்லெஸ்' என்பதை 'ஒழிய' என்று கற்பித்தால் உபரி எதிர்மறை நுழைய இடமே இருக்காது. 'இஃப் நாட்' வரும் எல்லா இடத்திலும் 'அன்லெஸ்' வராது என்பதும் அதனாலேயே விளங்கும். 'அவன் வராவிட்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்' என்பதை 'வந்தாலொழிய' என்று மாற்றினால் தமிழிலேயே பொருள் குலைகிறது. ஆங்கிலத்திலும் குலையும்.

இரண்டாவது 'ஆர்'. அகராதி இதற்கு 'அல்லது' என்கிறது. 'டீ அல்லது காபி' என்ற இடத்தில் அது சரி. 'சீக்கிரம் போ, அல்லது பஸ்ஸை விட்டுவிடுவாய்' என்று எந்தத் தமிழரும் பேச மாட்டார். 'சீக்கிரம் போ, இல்லன்னா பஸ்ஸ விட்டுடுவ' என்றுதான் சொல்வார். 'ஆர்' என்பதற்கு 'இல்லன்னா' என்றும் பொருள் உண்டு என்று ஒருமுறை சொல்லிவிட்டால் ஆங்கில எச்சரிக்கைகளில் பெரும்பகுதி கைவசமாகிவிடும். ஏனென்றால் கட்டளை, 'ஆர்', விளைவு என்ற மூன்று துண்டு வாக்கியமே அம்மொழியின் மிக எளிய எச்சரிக்கை வடிவம். வினை வடிவ மாற்றம் பெரிதாக வேண்டியதில்லை, வரிசை மாற்றமும் வேண்டியதில்லை. 'வாக் ஸ்லோலி, ஆர் யூ வில் ஸ்லிப்.' ஆறாம் வகுப்பிலேயே கற்பிக்கக்கூடியதைப் பத்தாம் வகுப்பு அட்டவணைக்குள் நாம் ஒளித்துவைத்திருக்கிறோம்.

மூன்றாவது 'இன் கேஸ்'. இதை 'இஃப்' என்றே பலரும் எண்ணுகிறார்கள். 'டேக் ஆன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெய்ன்ஸ்' என்றால், மழை வந்த பிறகு குடையை எடு என்று பொருளாகாது. வந்தாலும் வரலாம், இப்போதே எடுத்துக்கொள் என்பதே பொருள். நம் வீட்டுப் பெரியவர்கள் 'எதுக்கும் ஒரு குடைய எடுத்துக்கோ' என்று சொல்லும் 'எதுக்கும்' என்பதில்தான் 'இன் கேஸ்' இருக்கிறது. குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: 'இன் கேஸ் ஆஃப் ஃபயர்' என்று கட்டடங்களில் எழுதியிருக்கும் பலகையில், பின்னால் 'ஆஃப்' சேர்ந்ததும் அது உண்மையிலேயே 'தீப்பிடித்தால்' என்றாகிவிடுகிறது. பலகையில் பார்த்த பொருளைப் பிள்ளை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகிறது. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுவது கட்டாயம்.

நான்காவது 'சோ' குடும்பம். 'சோ' தனியே வந்தால் 'அதனால'. 'சோ தட்' சேர்ந்து வந்தால் பெரும்பாலும் 'படி', 'வதற்காக'. 'சோ'வுக்கும் 'தட்'டுக்கும் நடுவே பண்புச்சொல் வந்தால் 'அளவுக்கு'. தமிழ் மூன்று வெவ்வேறு ஈறுகளால் தெளிவாகப் பிரிக்கும் பொருள்களை ஆங்கிலம் ஒரே சொல்லின் இடமாற்றத்தால் பிரிக்கிறது. இங்கே நம் மொழிதான் தெளிவு மிகுந்தது, அதை விளக்காக வைத்துக் கற்பிக்கலாம். 'சோ' ஏற்கெனவே தமிழ்ப் பேச்சுக்குள்ளும் வந்துவிட்டது. 'பட்', 'பிகாஸ்', 'அதர்வைஸ்' போன்றவையும் தமிழ் வாக்கியங்களின் நடுவே புழங்குகின்றன. ஆங்கிலம் பேசத் தயங்கும் பிள்ளையின் நாவிலும் இச்சொற்கள் இருக்கின்றன என்பதை ஆசிரியர்கள் முதலீடாகக் கொள்ள வேண்டும்.

நடந்து முடிந்ததைப் பற்றிய நிபந்தனை மட்டும், கடினம் என்று பெயர் எடுத்திருந்தும், தமிழருக்கு எளிது. 'முன்பே சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார்கள்' என்பதில் இரண்டு பக்கமும் 'இரு' வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டு பக்கமும் 'ஹாட்', 'ஹாவ்' வருகின்றன. பகுதிக்குப் பகுதி பொருந்துவதைக் காட்டிவிட்டால் பயம் போய்விடும்.

பலகையும் அலைபேசியும்

பொது எச்சரிக்கைகளில் இச்சொற்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பது அடுத்த பாடம். ரயில் பெட்டியின் அபாயச் சங்கிலி அருகே எழுதியிருப்பதை எல்லோரும் படித்திருக்கிறோம். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141-ஆம் பிரிவு, தகுந்த காரணமின்றி இழுப்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. இங்கே 'ஆர்' உண்மையான 'அல்லது'. அது தண்டனைகளுக்கு இடையே நிற்கிறது, செயலுக்கும் விளைவுக்கும் இடையே நிற்கவில்லை. ஒரே சொல்லின் இரு வேலைகளையும் பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

வானிலை எச்சரிக்கை வேறு வகை. இந்திய வானிலை ஆய்வுத் துறை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறங்களால் பேசுகிறது: எதுவும் செய்ய வேண்டாம், கவனித்திருங்கள், தயாராக இருங்கள், நடவடிக்கை எடுங்கள். நிறம் சீக்கிரம் பரவும், ஆனால் விளைவைச் சொல்லாது. எத்தனை மில்லிமீட்டர் மழை என்பதோடு நிற்காமல் அந்த மழை என்ன செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும் என்று உலக வானிலை அமைப்பு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இந்தியாவும் அந்த வழியில் தாக்கத்தைச் சொல்லும் முன்னறிவிப்புகளை வெளியிடுகிறது. 'கனமழை பெய்யும்' என்பதிலிருந்து 'கனமழை பெய்யும், அதனால் தாழ்வான சாலைகளில் நீர் தேங்கும்' என்பதற்கு வரும் அந்த 'அதனால்'தான் இந்த மாற்றம் முழுவதும். 2023-ல் அலைபேசிகளைத் திடீரென அலறவைத்த சோதனைச் செய்தி பலருக்கு நினைவிருக்கும். இது சோதனைதான், ஆகவே நீங்கள் ஏதும் செய்ய வேண்டாம் என்பதே அதன் சாரம். அந்த 'ஆகவே' விளங்காமல் ஒலியை மட்டும் கேட்டவர் பதறத்தான் செய்வார்.

நம் தமிழ் அறிவிப்புகளுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. 'நீர் வெளியேற்றப்பட உள்ளதால் கரையோரப் பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்ற நடை நமக்குப் பழகிப்போனது. செய்ய வேண்டியது வாக்கியத்தின் கடைசியில், அதுவும் செயப்பாட்டு வினையில் கரைந்து வருகிறது. போகாவிட்டால் என்ன ஆகும் என்பது வருவதே இல்லை. 'கரையோரம் இருப்பவர்கள் உடனே வெளியேறுங்கள். இல்லாவிட்டால் வெள்ளம் வழியை அடைத்துவிடும்' என்பதும் நல்ல தமிழ்தான். செயலை முதலில் வைத்து விளைவைப் பிணைக்கும் அந்த ஆங்கில வரிசையைத் தமிழ் தாங்கும்.

மரியாதையையும் பேச வேண்டும். தமிழில் எச்சரிக்கையின் கடுமையைக் குறைப்பது வினைமுடிவு. 'போகாத' என்பதற்கும் 'போகாதீங்க' என்பதற்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் தெரியும். ஆங்கில வினையில் அந்த 'ங்க' கிடையாது. அங்கே அந்த வேலையைச் செய்பவை இணைப்புச் சொல்லும் துணைவினையும். வாக்கியத்தின் முடிவில் 'ஆர் எல்ஸ்' என்று நிறுத்தினால் அது மிரட்டல். 'அதர்வைஸ்' சமமான குரல். 'யூ வில்' என்பதை 'யூ மே' ஆக்கினால் அக்கறை. விருந்தினரிடம் 'பே நவ், ஆர் எல்ஸ்' என்று ஒரு லாட்ஜ் ஊழியர் சொல்லிவிட்டால், அவர் மனத்தில் 'கொஞ்சம் இப்பவே கட்டிடுங்க சார்' என்றுதான் இருந்திருக்கும். கேட்டவருக்கு அது தெரியாது. இந்தப் படிநிலையைக் கற்பிக்காத ஆங்கிலம், பணிவான மனிதர்களை முரடர்களாகக் காட்டிவிடுகிறது.

என்ன செய்யலாம்

இந்த ஆய்விலிருந்து நான்கு பரிந்துரைகள் பிறக்கின்றன.

ஒன்று, வரிசையை மாற்றுவது. கட்டளை, 'ஆர்', விளைவு என்ற வடிவத்தை நடுநிலைப் பள்ளியின் தொடக்கத்திலேயே கற்பிக்க வேண்டும். 'இஃப்' அடுத்தது. 'அன்லெஸ்' அதற்குப் பின். எழுத்திலும்கூட அருகிவிட்ட 'லெஸ்ட்' படித்தால் புரிந்தால் போதும், பேசப் பழக வேண்டியதில்லை.

இரண்டு, தமிழைப் பாலமாக வைப்பது. 'ஆர்' என்பதற்கு 'இல்லன்னா', 'அன்லெஸ்' என்பதற்கு 'ஒழிய', 'இன் கேஸ்' என்பதற்கு 'எதுக்கும்', 'சோ' என்பதற்கு 'அதனால' என்று பேச்சுத் தமிழிலேயே இணைகளைத் தர வேண்டும். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்ற கண்டிப்பு பிள்ளைகளிடமிருந்து மிக நல்ல கருவியைப் பறிக்கிறது. தன் மொழி இதை எப்படிச் செய்கிறது என்று அறிந்த பிள்ளை, பிற மொழி எப்படிச் செய்கிறது என்பதை விரைவில் பிடிக்கும்.

மூன்று, கேள்வியை மாற்றுவது. கோடிட்ட இடத்துக்குப் பதிலாகச் சூழலைத் தரலாம். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் பதினொன்றைக் கடந்த முதியவருக்கு மயக்கம் வருகிறது, அவருக்குத் தமிழ் தெரியாது. மருந்துக் கடைக்கு வந்த வெளிநாட்டவருக்கு இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது என்று சொல்ல வேண்டும். மழையில் மலையடிவாரத் தெருவிலிருந்து ஒரு குடும்பத்தை வெளியேறச் சொல்ல வேண்டும். இவர்களிடம் என்ன சொல்வாய், ஏன் என்று எப்படிச் சொல்வாய்? பிரபு காட்டிய காரணம் தேடும் வேலை இதுவே. இதற்கு மதிப்பெண் தரும் தேர்வு வந்தால், வகுப்பறையும் அதன் பின்னால் வரும்.

நான்கு, படிநிலையைக் கற்பிப்பது. ஒரே எச்சரிக்கையைக் குழந்தைக்கும் முதியவருக்கும் அதிகாரிக்கும் அந்நியருக்கும் எப்படிச் சொல்வது என்று நான்கு விதமாகப் பேசவைக்க வேண்டும். தமிழில் பிள்ளைகள் இதைத் தினமும் செய்கிறார்கள். ஆங்கிலத்திலும் இருக்கும் இந்த நயத்தை அவர்கள் அறிய உரிமை உள்ளவர்கள்.

கிராமத்துப் பிள்ளைகளின் ஆங்கிலத்தைப் பற்றிப் பேசும்போது வேலைவாய்ப்பையே பேசுகிறோம். அது தேவைதான். ஆனால் மொழி முதலில் ஒருவரையொருவர் காப்பாற்றத்தான். ஆபத்தை அறிந்தவர் அறியாதவரிடம் அதைச் சொல்லிப் புரியவைப்பது மனிதக் கடமை. அதற்கு வேண்டிய சொற்கள் ஒரு கைக்குள் அடங்கும். பத்து ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்துவிட்டு அந்தக் கையளவைப் பிள்ளையிடம் சேர்க்காமல் விட்டால், பழி பிள்ளைமேல் விழக்கூடாது. பாடத்திட்டம் வகுப்போரும் வினாத்தாள் அமைப்போரும் ஆசிரியர்களாகிய நாமும் ஏற்க வேண்டிய பொறுப்பு அது. பெரிய செலவு கேட்கும் சீர்திருத்தம் இல்லை இது. ஓர் அட்டவணையை ஒதுக்கிவைத்து, அந்த இடத்தில் கேட்கும் மனிதர் ஒருவரை நிறுத்தினால் போதும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் எந்த ஆசிரியரும் தம் வகுப்பில் இதைத் தொடங்கலாம்.